காட்டு ஜெரேனியம்: வாசகர் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் சிவப்பாகப் பூக்கும் ஜெரேனியம்தானே ஊட்டிப் பக்கம் காட்டிலும் வளர்கிறது?

இல்லை. தொட்டியில் இருப்பது பெலர்கோனியம், தென்னாப்பிரிக்கச் செடி. செடிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் ஒரே குழுவில், வைத்திருந்தார். 1789-இல் லெரித்தியே என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்துவிட்டார். நர்சரிக்காரர்கள்தான் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

நம் மலைகளில் தானாக வளர்வது ஜெரேனியம் நேபாலென்ஸ். இமயமலையிலும் இலங்கை மலைநாட்டிலும் உண்டு. தரையோடு படரும். பூ ஒரு சென்டிமீட்டர் சுமார்தான், வெளிறிய ரோஸ் நிறம், இதழில் கருஞ்சிவப்புக் கோடுகள். ஐந்து இதழ்களும் ஒரே மாதிரி இருக்கும். பெலர்கோனியத்தில் மேல் இரண்டு இதழ்கள் மற்ற மூன்றிலிருந்து மாறுபடும். பூக்காம்போடு ஒட்டியபடி தேன் சுரக்கும் குழல் ஒன்றும் அதில் இருக்கும். அடுக்குப் பூ ரகங்களில் இதழ் வித்தியாசம் தெரியாது, அவற்றை வைத்துப் பழகாதீர்கள்.

பூ இல்லாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். நீலகிரியில் அனிமோன், ரனன்குலஸ் இலைகளும் இப்படித்தான் விரல் விரலாகப் பிளந்திருக்கும். தண்டின் கணுவைப் பாருங்கள். ஜெரேனியம் என்றால் இலைகள் எதிரெதிரே இரண்டாக நிற்கும், காம்பின் அடியில் சின்னச் செதில்கள் இருக்கும்.

காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். நாரையின் அலகு போல நீண்டு நிமிர்ந்திருக்கும், அடியில் ஐந்து விதையறைகள். முற்றிக் காய்ந்ததும் அந்த அலகு ஐந்து பட்டைகளாகப் பிரிந்து, கீழிருந்து மேலாகச் சட்டென்று சுருண்டு விதைகளை வீசி எறியும். சுருண்ட பட்டைகள் அப்புறமும் செடியிலேயே தொங்கும். என்னைக் கேட்டால் பூவைவிடக் காய்தான் நல்ல அடையாளம்.

புளியாரையோடு குழம்புகிறதே?

புளியாரைக்கு மூன்று தனித்தனிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் இதய வடிவம். ஜெரேனியத்தில் ஒரே இலைதான், மூன்று முதல் ஐந்து பிளவுகளோடு.

ஜெரேனியம் எண்ணெய் இதிலிருந்தா?

இல்லை, அதுவும் பெலர்கோனியம்தான். அந்த வாசனைச் செடியைக் கொடைக்கானல் பக்கம் பயிரிடுகிறார்கள்.

பிடுங்கி வந்து சென்னையில் நடலாமா?

சென்னை வெயிலை இது தாங்காது, குளிர்ந்த மேல்மலைச் செடி. தவிர, நீலகிரியில் உள்ள முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காவுக்குள் செடியைப் பிடுங்குவது குற்றம். படம் எடுத்து வாருங்கள். பூவோடு கணுவும் காயும் தெரியட்டும்.