மங்கன்ஜி, ஃபுஷிமி போன்ற ஜப்பானிய இனிப்பு மிளகாய்களை வீட்டில் விதையிலிருந்து வளர்ப்பது எப்படி? விதைத்து ஒரு வாரமாகியும் முளைக்கவில்லையே?

ஒரு வாரம் போதாது, பொறுங்கள். மிளகாய் விதைக்கு மண்ணிலேயே 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு வேண்டும். அது இருந்தாலும் இரண்டு வாரம் வரை ஆகலாம். குளிர்ந்த மண்ணில் விதை அழுகிப்போகும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். முதலில் கொக்கி போல வளைந்த வெளிர் தண்டு எட்டிப் பார்க்கும். விதைத் தோல் இலை நுனியில் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் ஊறித் தானே கழன்றுவிடும். முதலில் விரியும் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு நான்கைந்து நிஜ இலைகள் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

இரண்டுமே கியோட்டோ பகுதியின் பாரம்பரிய ரகங்கள். ஃபுஷிமி ஒல்லியாக நீளும். அதே பகுதியிலுள்ள மைசுரு (Maizuru) ஊரில் தோன்றிய மங்கன்ஜி சதைப்பற்றானது, காய் கனத்தால் கிளை முறியும், குச்சி கட்டுங்கள். பச்சையிலேயே பறித்தால் செடி மேலும் மேலும் காய்க்கும்.

அப்புறம், தண்ணீரில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கடும் வெயிலில் வாடிய செடியில் சில காய்கள் காரமாகிவிடும். பக்கத்தில் கார மிளகாய் இருந்தால் இந்த வருடக் காய்க்குப் பாதிப்பில்லை. ஆனால் மகரந்தம் கலந்துவிட்டால், அந்த இனிப்பு மிளகாயின் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை காரமாகலாம். விதை எடுக்க நினைத்தால், பூ விரியும் முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் கழற்றிவிடுங்கள். அந்தக் காய்களை மட்டும் நன்றாகச் சிவக்க விட்டு விதை எடுங்கள்.