காலநிலை பற்றி அரசியல்வாதிகள் பேசும்போது: கேள்வி பதில்

சார், முன்பு 'புவி வெப்பமயமாதல்' என்றார்கள், இப்போது 'காலநிலை மாற்றம்' என்கிறார்கள். திட்டமிட்டு மாற்றினார்களா?

பாதி உண்மை. 2002-ல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் பிராங்க் லண்ட்ஸ், 'வெப்பமயமாதல்' பயமுறுத்துகிறது, 'காலநிலை மாற்றம்' என்றே சொல்லுங்கள் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சொல் அதற்கு முன்பே இருந்தது. 1988-ல் தொடங்கிய ஐபிசிசி-யின் (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு) பெயரிலேயே அது உண்டு. அதனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம்.

ஒரு பேச்சில் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?

வினைச்சொல்லை. 'உமிழ்வு குறைக்கப்படும்', அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றம் குறைக்கப்படும் என்றால், சரி, குறைப்பது யார்? செயப்பாட்டு வினை வந்தாலே ஆள் நழுவிவிடுகிறார்.

2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில் நிலக்கரியைப் 'படிப்படியாகக் கைவிடுதல்' என்பது 'படிப்படியாகக் குறைத்தல்' என்று மாறியது. கேட்டது இந்தியாவும் சீனாவும். கைவிடுவதற்கு ஒரு முடிவு உண்டு. குறைப்பதற்கு? ஒரு டன் குறைத்தாலும் குறைத்ததுதானே! வறுமை ஒழிப்பு பாக்கி இருக்கும்போது எப்படி வாக்குத் தருவது என்று இந்தியா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல் தளர்ந்தது தளர்ந்ததுதான்.

பணக்கார நாடுகளும் சளைத்தவை அல்ல. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில், வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், அமெரிக்கா மறுத்ததால் வெறும் பரிந்துரையாக இளகியது. அதை எழுத்துப் பிழைத் திருத்தம்போல வாசித்து முடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த 'பிழை' அது.

'உமிழ்வுச் செறிவை 45% குறைப்போம்' என்றால் உமிழ்வு 45% குறையுமா?

குறையாது. செறிவு என்பது உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் உமிழ்வு. 2005 அளவிலிருந்து 2030-க்குள் 45% குறைப்பதாக இந்தியா சொன்னது இந்தச் செறிவைத்தான். பொருளாதாரம் இரண்டு மடங்கானால், செறிவு 45% இறங்கினாலும் மொத்த உமிழ்வு 10% ஏறும். இலக்கில் பொய் இல்லை. ஆனால் மேடையில் 'செறிவு' என்ற சொல்லை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் உரக்கச் சொன்னால், அது வேறு கதை.

வெளியே குளிராக இருக்கிறதே, வெப்பம் எங்கே என்று கேட்பவர்களை என்ன செய்வது?

2015 பிப்ரவரியில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் அமெரிக்க செனட்டுக்குள் ஒரு பனி உருண்டையையே கொண்டுவந்து வீசினார். அன்றைய வானிலையைக் காட்டிப் பல பத்தாண்டுகளின் சராசரியை மறுக்கிற பழைய வித்தை. இப்படிக் கேட்பவர்களோடு வாதாடுவதைவிட, கடந்த 30 ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.