எம்.ஏ. ஆய்வேடும் பாளையத்துச் சண்டையும்: கேளுங்க, சொல்கிறேன்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் வரலாறு நடத்தி ஓய்ந்தவன் நான். போரும் சமூகமும் பற்றி ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, "பாஞ்சாலங்குறிச்சிப் போர்" என்று தலைப்பு கொடுத்தேன். ரொம்பப் பெரிசு என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான் தம்பி. 1798-ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சன் துரையைச் சந்தித்ததில் ஆரம்பித்து 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரை தூக்கு வரைக்கும் கதை சொன்னாலே நூறு பக்கம் ஓடிவிடும், ஆனால் அதில் கேள்வி ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு இடத்தைப் பிடி. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார்கள். கம்பெனி இடித்துத் தள்ளியிருந்த கோட்டை சில நாளிலேயே மறுபடி எழுந்து நிற்கிறது. மண் சுமந்தது யார்? கூலியா, கடமையா, பயமா? தை, மாசியில் கரிசல் காட்டு வேலையைப் போட்டுவிட்டு எப்படி வந்தார்கள்? இதற்கு முழுப் பதில் கிடைக்காமலே போகலாம். தேடின வழியை ஒழுங்காக எழுதினாலே எம்.ஏ.வுக்கு அது போதும்.

சென்னை ஆவணக்காப்பகத்தில் அட்டவணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன் சார், கட்டபொம்மன் என்று ஒன்றுமே இல்லை.

எப்படி இருக்கும்? வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடிதானே எழுதினான். "கட்டபோமா நாயக்" என்று தேடு. திருநெல்வேலி அவனுக்குத் "தின்னவேலி". ஒரே குமாஸ்தா ஒரே கடிதத்தில் ஒரு ஊரை இரண்டு விதமாக எழுதியிருப்பான், அதனால் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டலை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு எழும்பூருக்கு ரயில் ஏறு. அப்புறம், 1881-ல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றை முதலிலேயே படித்துவிடு. ஆனால் அது எண்பது வருஷம் கழித்து ஒரு பாதிரியார் எழுதியது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

எங்க ஆச்சி ஊமைத்துரை கதையைப் பாட்டாகவே சொல்லுவாங்க. அதெல்லாம் ஆதாரமாகுமா? வைவாவில் சிரிப்பாங்களே!

சிரிக்கட்டும்மா. எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் என்ன எழுதியிருக்கிறான் என்று பார். ஊமைத்துரை இடது உள்ளங்கையில் வைக்கோல் துணுக்குகளை அடுக்குவாராம், அதுதான் வெள்ளைக்காரப் படை. மறுகையால் அதை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளி, வாயால் 'விஸ்' என்று ஒரு சத்தம் விடுவாராம். தாக்கு என்று அர்த்தம். மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தபிறகு, மகனைத் தேடிக் களத்துக்கு வந்த ஒரு தாய், என்னை விட்டுவிட்டுச் சாமியைக் (ஊமைத்துரையைத்தான் அப்படிச் சொல்கிறான்) காப்பாற்று என்று மகன் கேட்டுக்கொண்டதால், அடிபட்டுக் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிப்போய் வைத்துக்கொள்கிறாள். கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும், அம்மை கண்டு செத்துவிட்டான் என்று அழுது புரண்டு அவர்களை ஓட வைக்கிறார்கள். இதுவும் வெல்ஷ் எழுதியதுதான். அவனுக்கு இதைச் சொன்னதும் யாரோ ஊர்க்காரர்தானே? அச்சில் வந்தால் ஆவணம், ஆச்சி வாயில் வந்தால் கட்டுக்கதையா?

ஆனால் ஒன்று. பாட்டில் தேதியைத் தேடாதே. யாரை யாருக்கு உறவாகச் சொல்கிறது, யார் பெயரை விழுங்குகிறது, பக்கத்து ஊரில் எந்த அடி மாறுகிறது, இதைப் பார். ஆச்சி பாடுவதை முழுசாகப் பதிவு செய், நடுவில் திருத்தாதே. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு அத்தியாயம் தானாக வந்துவிடும்.

நான் எட்டயபுரம். எங்க ஊரைப் பற்றி எழுதினால் துரோகிக்கு வக்காலத்து என்பார்கள்.

நீ வக்கீல் இல்லையே, எழுது. 1750-களில் மேற்குப் பாளையங்கள் பூலித்தேவன் பக்கம், கிழக்கே நாயக்கர் பாளையங்கள் கட்டபொம்மனின் முன்னோர் பக்கம் என்று இரண்டு அணியாக நின்றவர்கள்தானே இவர்கள். எல்லைத் தகராறு, காவல் வரி, பழைய பகை எல்லாம் கம்பெனி வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டயபுரத்துக்கு என்ன லாபம் கிடைத்தது, அங்கே எத்தனை வீட்டில் ஒப்பாரி விழுந்தது, இரண்டையும் எழுது.

சென்னைக்குப் போக வசதி இல்லை. உள்ளூரிலேயே முடிக்க முடியுமா?

முடியும். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள், 1914–1919 என்று சில ஊர்களில் கல் பதித்திருக்கும். கணக்கு மட்டும்தான், பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைத் தேடுவதே உன் ஆய்வு. வீட்டுப் பரண், பென்ஷன் காகிதம், பழைய போட்டோ.

அடிக்குறிப்பு போடுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பார்க்காததைப் பார்த்தேன் என்று போடாதே. என் ஆய்வேட்டில் ஒரு கடிதத்தை வேறொருவர் புத்தகத்திலிருந்து எடுத்து, மூலத்தையே பார்த்த மாதிரிக் குறிப்புப் போட்டேன். அந்தக் கட்டு என்ன நிறத் துணியில் கட்டியிருந்தது என்று தேர்வாளர் கேட்டார். நான் திருதிரு என்று முழித்தேன்.

களப்பணியை எங்கே தொடங்கலாம் அண்ணாச்சி?

ஒட்டப்பிடாரம் போய், அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி. இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் கட்டிய நினைவுச் சின்னம், அதைப் படம் பிடித்துவிட்டு வந்துவிடாதே. பக்கத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன, அங்கேயும் போ. காலையிலேயே போய்விடு, கரிசல் வெயில் பதினோரு மணிக்கே மண்டையைப் பிளக்கும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.