உயரம் எட்டியும் செயற்கைக்கோள் ஏன் விழுந்தது?

வணக்கம் சார். “இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதல் முறை பறந்தபோது 356 கி.மீ. உயரத்துக்குப் போய்விட்டதே, அப்புறம் ஏன் தோல்வி?” என்று உங்கள் எட்டாம் வகுப்பு மாணவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. பெரியவர்களே தடுமாறும் இடம் இது.

உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டு வேகம்தான் முக்கியம். அந்த உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. வேண்டும். 2022 ஆகஸ்ட் 7 அன்று அது சற்றே குறைந்துபோனது. எனவே பாதை வட்டமாக அமையவில்லை. ஒரு பக்கம் 356, மறுபக்கம் வெறும் 76 கி.மீ. என்ற நீள்வட்டமானது. 76 கி.மீ. உயரத்தில் காற்று இருக்கிறது. அங்கே உரசினால் கதை முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், குறைந்துபோன வேகம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான்!

வேகம் ஏன் குறைந்தது? ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது வந்த அதிர்வில், வேகம் மாறுவதை அளக்கும் கருவிகளான முடுக்கமானிகள் சில கணம் தாறுமாறாகக் காட்டின. கணினி அவை பழுதாகிவிட்டதாக முடிவுகட்டி மாற்று வழிக்குத் தாவியது. அந்த வழியில் வேண்டிய வேகம் கிடைக்கவில்லை. உண்மையில் மோட்டார்கள் ஒழுங்காகத்தான் எரிந்தன. பாவம், பள்ளி மாணவிகள் செய்த ஆசாதிசாட் செயற்கைக்கோளும் அதோடு போயிற்று.

வகுப்பில் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டாதீர்கள், குழப்பும். மொட்டைமாடியிலிருந்து பந்தை மேலும் மேலும் வேகமாக வீசுவதாகக் கற்பனை செய்யச் சொல்லுங்கள்; வேகம் போதுமானால் அது தரையில் விழாமல் பூமியையே சுற்றிவரும். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வி 450 கி.மீ. பாதையில் ஆசாதிசாட்-2ஐச் சேர்த்துவிட்டது என்பதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.