விருது கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார்?

கேள்வி: மதத்தையும் அரசியலையும் கலக்காதீர்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். மேலைநாட்டுக் கல்வியாளர்களோ ‘மதமும் அரசியலும்’ என்று தனிப் பிரிவே வைத்து, நூலுக்கும் ஆய்வேட்டுக்கும் விருது கொடுக்கிறார்கள். நம் மதங்களைக் குறைசொல்பவர்களைத் தேடிப்பிடித்து மாலை போடும் வேலைதானே இது? இந்த விருதுகளால் நமக்கு என்ன பிரயோஜனம்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மதம் அரசியலில் கலக்கக் கூடாது என்பது உங்கள் விருப்பம். என் விருப்பமும் அதுதான். ஆனால் கலந்திருக்கிறதே! எப்போது கலந்தது, கலந்தவர்கள் யார், அதனால் பதவிக்கு வந்தது யார், வீடு எரிந்து நின்றது யார் என்று ஒருவர் வருடக்கணக்கில் ஊர் ஊராகத் திரிந்து, ஆவணங்களைப் புரட்டி எழுதுகிறார். அவரையும் கலந்தவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள். இது நியாயமில்லை.

நீங்கள் சொல்லும் பிரிவு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தில் இருக்கிறது. சங்கம் 1903ல் தொடங்கப்பட்டது. அதன் ‘மதமும் அரசியலும்’ பிரிவு சிறந்த நூலுக்கு ஹியூபர்ட் மார்க்கன் பெயரிலும், சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஏரன் வில்டாவ்ஸ்கி பெயரிலும் விருது தருகிறது. வில்டாவ்ஸ்கி, அரசின் பட்ஜெட் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பிறகு பைபிளின் மோசேயை ஓர் அரசியல் தலைவராகப் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். மதமும் அரசியலும் பற்றி அங்கே நடக்கும் ஆய்வில் பெரும்பங்கு அமெரிக்கர்களின் சொந்த மதத்தைப் பற்றியது. பைபிளை அப்படியே நம்பும் புராட்டஸ்டன்ட் பிரிவினரான இவாஞ்சலிக்கல் சபையினர் ஏன் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள், கருக்கலைப்பு விவகாரத்தில் கத்தோலிக்க ஆயர்கள் எதைச் செய்ய முடிந்தது, கறுப்பினத் திருச்சபைகள் சம உரிமைப் போராட்டத்தை எப்படிச் சுமந்தன என்பதெல்லாம் அங்கே ஆய்வுப் பொருள். தங்கள் வீட்டுக்குள் முதலில் விளக்கேற்றிப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

மதத்தைக் குறைசொன்னால்தான் மாலை என்பதும் சரியில்லை. மதம் தொடர்பான விருதுகளில் பெரும்பணம் இருப்பது டெம்பிள்டன் பரிசில். 1972ல் அதை நிறுவிய ஜான் டெம்பிள்டன், பரிசுத்தொகை நோபல் பரிசைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று வைத்தார். ஆன்மிக முன்னேற்றத்துக்குப் பங்களித்தவர்களுக்கு அது தரப்பட்டது. 1973ல் முதல் பரிசு அன்னை தெரசாவுக்கு. 1975ல் நம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு. அவர் அந்தப் பணத்தை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். மதத்தின் மேன்மையைச் சொன்னவருக்கும் மேலைநாட்டில் பரிசு உண்டு. மதமும் அதிகாரமும் சேரும் இடத்தை ஆராய்ந்தவருக்கும் உண்டு. இரண்டும் வேறு வேறு விருதுகள்.

இரண்டாவது வகைக்கு உங்களுக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். அவர் தமிழர். இலங்கையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1929ல் பிறந்த மானிடவியல் அறிஞர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, திரும்பிவந்து அங்கேயே ஆசிரியரானார். 1956 ஜூனில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த நாட்களில், கல் ஓயா குடியேற்றப் பகுதியில் மாணவர்களை வைத்துக் கள ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். கலவரம் அங்கேயே வெடித்தது. சில வருடங்களில் யுனெஸ்கோ நிபுணராகத் தாய்லாந்து போனார். பிறகு கேம்பிரிட்ஜ், சிகாகோ, கடைசியாக ஹார்வர்டு.

தாய்லாந்தில் அவர் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான். வடகிழக்குக் கிராமம் ஒன்றில் விகாரையும் ஆவி வழிபாடும் எப்படி ஒன்றாக வாழ்கின்றன என்று 1970ல் ஒரு நூல். அரசனும் பிக்குகளின் சங்கமும் அசோகர் காலம் தொட்டு ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கியும் அடக்கியும் வந்தார்கள் என்று 1976ல் ஒரு நூல். காட்டில் தவமிருக்கும் பிக்குகள் பற்றியும், அவர்கள் ஆசீர்வதித்த தாயத்துகளைப் பாங்காக் நகரத்தின் அதிகாரிகளும் வங்கிக்காரர்களும் தேடி வாங்குவது பற்றியும் 1984ல் ஒரு நூல். பௌத்தத்தை வெறுப்பவரால் இப்படி இருபது வருடம் பௌத்தத்தோடு உட்கார முடியாது.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்களுக்கு எதிராக வெடித்த கலவரத்துக்குப் பிறகுதான் அவருடைய பேனா முழு வேகத்தில் சொந்த நாட்டின் பக்கம் திரும்பியது. 1992ல் ‘பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா?’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைச் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. அகிம்சையைப் போதிக்கும் ஒரு மதத்தின் துறவிகள் எப்படி இன வன்முறைக்குத் துணைபோகும் அரசியலில் இறங்கினார்கள் என்பதே நூலின் கேள்வி. தலைப்புக்கு ஒரு பின்கதை உண்டு. அந்நிய ஆட்சியிலும் மிஷனரிகளாலும் பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டது என்று 1956ல் பௌத்த விசாரணைக் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்று பிரதமரான பண்டாரநாயக்காவுக்காகப் பிக்குகள் வீதிவீதியாகப் போனார்கள். 1958ல் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்த அன்று, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை அவர் கைவிட்டார். 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கியாலேயே உயிரிழந்தார். இந்த வரிசையைப் பார்த்தவர், காட்டிக்கொடுத்தது யார் என்று மறுபடி கேட்கத்தானே செய்வார்?

கொழும்பில் கொந்தளிப்பு எழுந்தது. நூலைத் தடை செய் என்றார்கள். தமிழன், அதனால்தான் இப்படி எழுதுகிறான் என்றார்கள். ஆனால் எச். எல். செனவிரத்ன என்ற சிங்களப் பௌத்த அறிஞர் 1999ல் எழுதிய நூலில், நவீன பிக்குகளின் அரசியலைத் தம்பையாவைவிடக் கடுமையாகவே விமர்சித்தார். எழுதியவரின் இனத்தைப் பார்த்து நூலைத் தள்ளிவிட நினைத்தவர்களுக்கு அதற்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை.

இப்போது விருதுக்கு வருகிறேன். 1997ல் தம்பையாவுக்கு பால்சான் பரிசு கிடைத்தது. இன வன்முறை பற்றிய ஆய்வையும் பௌத்த சமூகங்கள் பற்றிய ஆய்வையும் சேர்த்தே அந்தப் பரிசுக் குறிப்பு பாராட்டியது. அதே ஆண்டு பிரிட்டனின் ஹக்ஸ்லி பதக்கம். அடுத்த ஆண்டு ஜப்பானின் ஃபுகுவோகா பரிசு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: பௌத்தம் ஆழ வேரூன்றிய ஓர் ஆசிய நாட்டின் நகரம், ஆசியப் பண்பாட்டுக்காகத் தரும் பரிசு அது. ‘பௌத்த விரோதி’ என்று ஒரு நாட்டில் திட்டப்பட்டவரை இன்னொரு நாடு மரியாதை செய்தது. வசை மட்டுமே பதிவாகியிருக்க வேண்டிய இடத்தில், அவரைப் படித்துப் புரிந்துகொண்டவர்களின் சாட்சியமும் பதிவாயிற்று. சொந்த ஊரில் தனித்துவிடப்பட்ட ஆய்வாளருக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லா விருதையும் நான் கும்பிடச் சொல்லவில்லை. நவீன சமூகத்தில் மதத்தின் இடம் பற்றி ஆழமாக எழுதிய ஜெர்மானியத் தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸுக்கு 2021ல் அபுதாபியின் ஷேக் சயீத் நூல் விருது அறிவிக்கப்பட்டது. முதலில் ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்துக்கும் அங்குள்ள ஆட்சிமுறைக்கும் எவ்வளவு நெருக்கம் என்று ஜெர்மானியப் பத்திரிகை எழுதிய பிறகு, தான் எடுத்தது தவறான முடிவு என்று வெளிப்படையாகச் சொல்லி மறுத்துவிட்டார். நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். அரசனோ மடமோ கட்சியோ பணம் போட்டு, ஆய்வாளரின் பெயரைத் தன் நெற்றியில் திலகமாக வைத்துக்கொள்ளும்போது சந்தேகப்படுங்கள். சக ஆய்வாளர்கள் கூடிப் படித்து ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அதே சந்தேகத்தைக் காட்டாதீர்கள்.

நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் நிர்வாகச் சண்டைகள் வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றங்களில் எப்படி உருமாறின என்று 1981ல் அர்ஜுன் அப்பாதுரை எழுதினார். நம் அறநிலையத் துறை கோயில்களை எப்படி ஆள்கிறது என்று 1987ல் ஃபிராங்க்ளின் பிரெஸ்லர் எழுதினார். இரண்டுமே ஆங்கிலத்தில், கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தவை. கோயில் நம்முடையது, வழக்கு நம்முடையது, உண்டியல் நம்முடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் கிறித்தவத்துக்கும் சமணத்துக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. நல்லது. ஆனால் அறங்காவலர் நியமனத்தில் ஆளுங்கட்சியின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது, திருச்சபைப் பேராயத் தேர்தலில் சாதி என்ன செய்கிறது, வக்பு நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்கும் மாணவருக்கு எந்தத் துறை நாற்காலி போடும்?

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. சம்பவத்துக்கு யார் பொறுப்பு என்பது ஆணையத்தின் கேள்வி. அதன் பிறகு கடலோர ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் ஓட்டு எப்படி மதவாரியாகப் பிரிந்தது, எந்தக் கட்சி எதை அறுவடை செய்தது என்பது ஆய்வாளரின் கேள்வி. அந்தக் கேள்வியோடு உங்கள் வீட்டுக் கதவை ஒரு மாணவி தட்டினால், ‘மதத்தைக் குறைசொல்ல வந்தவள்’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தமிழிலேயே இப்படி ஒரு விருது வேண்டும் என்று நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். மடத்துப் பணமும் கட்சிப் பணமும் அதில் சேரக் கூடாது. நடுவர்களில் ஒருவராவது ஆய்வுக்கு உள்ளான மதத்தைச் சேர்ந்தவராகவும், ஒருவராவது அதற்கு வெளியே இருப்பவராகவும் இருக்க வேண்டும். பரிசுத்தொகையில் பாதியை, அந்த ஆய்வேட்டைத் தமிழ்ப் புத்தகமாக்கி மாவட்ட நூலகங்களுக்கு அனுப்ப முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.