நீல மாத்திரையைக் காணோமே!

"முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கல்லூரியில் உணவியல் துறை உதவிப் பேராசிரியர். அரசுப் பள்ளி மாணவிகளின் ரத்தசோகைக்கு முருங்கைக்கீரைப் பொடி உருண்டை கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு நிதி கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் 'நோக்கங்களில் தெளிவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. என் ஆங்கிலம்தான் காரணமா? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்."
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

உங்கள் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நான்கு பக்கமும் ரத்தசோகையைப் பற்றிய பொதுப்பாடம், அதுதான் சிக்கல். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்ற 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு மூன்று இடத்தில் வருகிறது. மதிப்பீட்டாளருக்கு அது மனப்பாடம். ஆய்வேட்டு முன்னுரையை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டீர்கள், இல்லையா? நானும் முதல் விண்ணப்பத்தில் அதைத்தான் செய்தேன். படித்துப் பார்த்த சீனியர், "எல்லாம் சரிம்மா, நீ என்னதான் செய்யப்போறே?" என்றார். பதில் பதினோராவது பக்கத்தில் இருந்தது.

உங்கள் ஐந்து நோக்கங்களில் 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்', 'சமூகப் பொருளாதார நிலையை ஆராய்தல்' இரண்டையும் தூக்கிவிடுங்கள். மிச்சத்தை ஒரே கேள்வியாக்குங்கள்: ஹீமோகுளோபின் 8 முதல் 12 கிராமுக்குள் இருக்கும் 13-15 வயது மாணவிகளுக்குப் பள்ளி நாட்களில் தினம் ஒரு முருங்கை உருண்டை நான்கு மாதம் கொடுத்தால், முருங்கை சேர்க்காத உருண்டை சாப்பிட்டவர்களைவிட ஹீமோகுளோபின் எவ்வளவு கூடும்? 8-க்குக் கீழே இருப்பவர்களை ஆய்வில் சேர்க்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெல்லத்திலும் கொஞ்சம் இரும்பு இருப்பதால் இரண்டு உருண்டையிலும் அதே வெல்லம், அதே அளவு. நீங்கள் போட்டிருக்கும் 45 நாள் போதாது. சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள்.

இனி முக்கியமான விஷயம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தரும் திட்டம் இருக்கிறது: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். உங்கள் விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! ஹீமோகுளோபின் கூடினால் அது மாத்திரையாலா, முருங்கையாலா? மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது இதைத்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது, நெறிமுறைக் குழுவும் விடாது. இரண்டு குழுவுக்கும் மாத்திரை தொடரும், யார் எத்தனை விழுங்கினார்கள் என்று குறித்துக்கொள்வோம், அதற்கு மேல் உருண்டையால் பலன் உண்டா என்று பார்ப்போம் என எழுதுங்கள். ஆய்வும் இன்னும் நேர்மையாகும்.

பட்ஜெட்டில் இரண்டு லேப்டாப் இருக்கிறது, ஃபெரிட்டின் பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. உடம்பில் இரும்புச் சேமிப்பு கூடியதா என்று அது இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்? காய்ச்சல், தொற்று இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அதனால் கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். ஒரு லேப்டாப்பைக் கழித்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

கால அட்டவணையில் ஜனவரியில் தொடங்குவதாகப் போட்டிருக்கிறீர்கள். நான்காவது மாதம் தேர்வும் விடுமுறையும். உருண்டையை யாருக்குக் கொடுப்பீர்கள்? ஜூலையில் தொடங்குங்கள். பெற்றோர் சம்மதம், மாணவியின் ஒப்புதல், கல்வித்துறை அனுமதி எல்லாவற்றுக்கும் தனியாக மாதங்கள் ஒதுக்குங்கள். சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, முதல் மாணவியைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஒரு சந்தேகம். முருங்கைப் பொடியின் கசப்பும் பச்சை வாசனையும் உங்களுக்கே தெரியும். நான்கு மாதம் தினமும் சாப்பிடுவார்களா? நெறிமுறைக் குழு அனுமதியோடு உங்கள் கல்லூரி விடுதியில் இருபது பேருக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள், இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எத்தனை உருண்டை கொடுத்தீர்கள், எத்தனை தட்டிலேயே மிஞ்சியது என்ற கணக்கை, அந்த 53.4 சதவீதம் இப்போது இருக்கும் முதல் பக்கத்தில் போடுங்கள்.