காக்டெய்ல் கிளி வளர்க்கும் வீட்டில் விடாத இருமல்

கேள்வி: எட்டு மாதங்களாக ஒரு ஜோடி காக்டெய்ல் (காக்கடீல்) கிளிகள் வளர்க்கிறோம். ஏழு வயது மகனுக்கு அவை என்றால் உயிர். கூண்டைச் சுத்தம் செய்பவர் 62 வயதான என் மாமியார். இரண்டு மாதங்களாக அவருக்கு வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது. பறவைகளைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். மகனுக்கும் ஆபத்து உண்டா?

பதில்: மகனைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மாமியாரை இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்ததும் பறவை வளர்ப்பதைச் சொல்லிவிடுங்கள். மருத்துவர்கள் நாங்களாகக் கேட்பது குறைவு. பால்கனியில் புறா அடைந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காக்டெய்லின் இறகுகளில் இருந்து வெள்ளை மாவு போன்ற தூள் ஓயாமல் உதிரும். கூண்டருகே இருக்கும் டிவியைத் துடைத்துப் பார்த்தாலே தெரியும். அந்தத் தூளிலும் காய்ந்த எச்சத்திலும் உள்ள புரதங்கள் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். நுரையீரல் திசு நோய்களில் இது அரிதானது அன்று. நுரையீரல் திசு நோய்களுக்கான இந்தியப் பதிவேட்டில் (2017) இடம்பெற்ற 1,084 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது இத்தகைய ஒவ்வாமை அழற்சிதான். அவர்களில் பலருக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பறவை அல்ல, பூஞ்சை படிந்த ஏர்கூலர்.

எக்ஸ்ரே சரியாக இருப்பதால் நிம்மதி அடைய முடியாது. மூச்சுத்திறன் பரிசோதனையும் நுண்ணிய சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம். பறவைப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. நோயே இல்லாத பறவைப் பிரியர்கள் பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். அதைவிட ஒரு சிறு விவரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது: வெளியூரில் சில நாள் தங்கியபோது அவருக்கு இருமல் தணிந்ததா?

முடிவு தெரியும்வரை அவர் கூண்டுப் பக்கமே போக வேண்டாம். இந்த நோய்தான் என்று உறுதியானால் பறவைகள் வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டும். பால்கனிக்கு மாற்றுவது, முகக்கவசம் போடுவது எல்லாம் சமாதானங்கள். பறவைகள் இருக்கும்வரை ஸ்டீராய்டு மாத்திரையும் முழுப் பலன் தராது. நாளடைவில் நுரையீரல் தழும்பேறினால் அதை மீட்க முடியாது. பறவைகள் போன பின்னும் தூள் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும் என்பதால் திரை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள்.

வேறு காரணம் என்று தெரிந்தால் தாராளமாக வளர்க்கலாம். கூண்டு படுக்கையறையில் வேண்டாம். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீர் தெளித்து, என்95 முகக்கவசத்துடன் துடைத்தெடுங்கள். பறவைகளின் மேல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் தூள் குறையும். அவற்றுக்கும் அது பிடிக்கும்.

மகனுக்கு வீசிங் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அலகில் முத்தமிடக் கூடாது, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் சேர்ந்து வந்தால் பறவைகளிடமிருந்து தொற்றும் கிளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வழக்கமாகத் தரும் அமாக்சிசிலின் அதற்குச் சரிப்படாது. டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து வேண்டும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்தாலோ, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.